பாதிக் குளிசை

போரால் நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் ஸ்கந்தபுரத்தில் வீடு வீடாகச் சைக்கிளில் போய்ப் பிரஷர் பார்ப்பது என் வேலை. ஒரு அம்மாவுக்கு மூன்று மாதமாகக் குளிசை கொடுத்தும் பிரஷர் இறங்கவில்லை.

"ஒழுங்காப் போடுறீங்களோ, அம்மா?"

"ஓம் பிள்ளை, பாதி போடுறன். மற்றப் பாதி இவருக்கு. இவருக்கும் தலை சுத்துது."

விறகு கொத்திக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டுப் பிரஷர் பார்த்தேன். அவருக்கு மனைவியைவிடக் கூடுதலாக இருந்தது. அன்றே கிளினிக்குக்குப் போய் அவருக்கும் மருந்து கேட்டேன்.

"பேரை எழுதுறன், தங்கச்சி. புதுசா ஒருத்தருக்கும் குடுக்கக் குளிசை இல்லை" என்றார் மருந்து கொடுப்பவர்.

அடுத்த வாரமும் அவர்கள் பாதிப் பாதியாகத்தான் போட்டார்கள். முழுதாக நீங்களே போடுங்கோ என்று அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு, அலுப்போடு அடுத்த வீட்டுக்குச் சைக்கிளை உருட்டினேன்.