நீவெஸ் இறக்கிய அரைக்கட்டை

இத்தாலியில் எங்கள் மோந்தரோலா ஊரில் என் பெரியப்பா ஒரெஸ்தேவுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. ஆள் என்னவோ ஐந்தடிதான். கையில் ஒரு சின்னச் சுத்தியல். கிடங்குகளில் இரண்டு வருஷம் முதிர்ந்த சீஸ் உருளைகளை அந்தச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். உள்ளே விரிசலோ பொந்தோ இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அவர் தலையை ஆட்டிவிட்டால் போச்சு, அந்த உருளையின் தோலில் பொறித்த பெயரைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அப்புறம் அது பேர் இல்லாத சீஸ், துருவித்தான் விற்க வேண்டும்.

அதே காதோடுதான் நகரத்து ஓபரா என்கிற இசைநாடக அரங்கின் மேல்மாடிக்கும் போவார். கூரையை ஒட்டிய மலிவு இருக்கைகள் எங்கள் ஆட்களுடையவை. கீழே கோட்டு போட்டவர்கள் எதற்கும் கைதட்டுவார்கள். பாடகர் பிழைப்பதா வேண்டாமா என்பதை மேல்மாடிதான் சொல்லும். ஒருமுறை பேர்பெற்ற பாடகர் ஒருவர் உச்ச ஸ்வரத்துக்குப் பயந்து, யாருக்கும் சொல்லாமல் பாட்டையே சுருதியில் அரைக்கட்டை இறக்கிப் பாடினார். பெரியப்பா இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்து, "எங்க அரைக்கட்டையக் குடுத்துட்டுப் போய்யா!" என்று கத்தினார். மொத்த மாடியும் சேர்ந்துகொண்டது. அந்த மனிதர் அப்புறம் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று முன்னாலேயே அறிவித்திருந்தால் மன்னித்திருப்பார்கள். மறைத்தால் மன்னிப்பு கிடையாது.

இவருக்குப் பிறந்தவள் நீவெஸ். என்னைவிட ஒரு வயது மூத்தவள். சின்ன வயதில் பெரியப்பா உருளையைத் தட்டினால், இவள் அதே சுருதியில் "ஆ" என்பாள். பதினாறு வயதில் உப்புநீர்த் தொட்டியில் சீஸ் புரட்டிக்கொண்டே பாடினாள். கை வெடித்து ரத்தம் வரும், குரல் வெடிக்காது. நகரத்துக்குத் தினமும் பஸ் பிடித்துப் போய்ப் பாட்டு படித்தாள். பிறகு பன்னிரண்டு வருஷம் ஜெர்மனியில், எந்த ஓபராவிலும் வேலைக்காரி வேஷம். எஜமானி வருகிறாள் என்று பாடிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். "திர்ச்சே, இன்னைக்கு ரெண்டு வரி கூடக் குடுத்தாங்க" என்று எனக்குக் கடிதம் எழுதுவாள். படித்துவிட்டு எரிச்சலாக வரும் எனக்கு.

அவளுக்கு முப்பத்தாறு வயதானபோது எங்கள் நகரத்து அரங்கு அவளைக் கதாநாயகியாகக் கூப்பிட்டது. இங்கே தேறினால் வேலைக்காரி வேஷம் ஒழிந்தது. விசில் வாங்கினால் பாட்டே ஒழிந்தது. சொந்த ஊர் துரத்தியவளை வேறு எந்த ஊர் கூப்பிடும்?

ஊரே பஸ் ஏறியது. சலாமி, ரொட்டி, சிவப்பு ஒயின் எல்லாம் மடியில். நான் ஒரு கூடையோடு ஒப்பனை அறைக்குப் போனால், நீவெஸ் கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

"தொண்டை புண்ணாயிருக்குடி. மூணாம் அங்கத்துப் பாட்ட மட்டும் அரைக்கட்டை இறக்கியிருக்கோம். வாத்தியக்காரங்களுக்குத் தெரியும். இப்ப உனக்கும் தெரியும்."

"அறிவிச்சுத் தொலையேன். பாவம்னு விட்டுடுவாங்க."

"இத்தனை வருஷம் கழிச்சு இந்த மேடைக்கு வந்து, மன்னிச்சுக்குங்கன்னு ஆரம்பிக்கவா? மாட்டேன்."

"உங்கப்பா காதுக்கு என்னடி பண்ணுவ?"

"அதுக்குத்தான் நீ. மூணாம் அங்கத்துக்கு அவர மேல ஏற விடாத."

சொல்ல அவளுக்கென்ன! இடைவேளையில் ஒயினை ஊற்றினேன், அரை கிளாஸில் நிறுத்திக்கொண்டார். "பெரியப்பா, எனக்கு மயக்கமா வருது" என்று படியில் சாய்ந்தேன். "நல்லா சாஞ்சுக்க. பாட்டு முடிஞ்சதும் வந்து பாக்கறேன்" என்று என்னைத் தாண்டி ஏறிப் போய்விட்டார். நானும் எழுந்து பின்னாலேயே ஓடினேன்.

மூன்றாம் அங்கம். பெரியப்பாவுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர் நாவிதர் ஃபெர்மோ, இந்தப் பக்கம் நான். வயலின்கள் தொடங்கின. பெரியப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கிடங்கில் சத்தம் சரியில்லை என்றால் அப்படித்தான் சாயும்.

நீவெஸ் பாட ஆரம்பித்தாள். நன்றாகத்தான் பாடினாள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். பாட்டு மேலே ஏற ஏற, பெரியப்பாவின் கை முழங்காலை விட்டு எழுந்தது.

ஃபெர்மோ குனிந்தார். "ஒரெஸ்தே, இறங்கியிருக்கிற மாதிரி இல்ல?"

வரிசை முழுக்கத் திரும்பியது. பின்னால் எவனோ விரலை வாயில் வைத்துத் தயாராகிவிட்டான். எல்லாரும் பெரியப்பாவின் வாயைத்தான் பார்த்தார்கள், அவர் தொடங்காமல் யாரும் தொடங்க மாட்டார்கள். அவருடைய இரண்டு விரலும் உதட்டைத் தொட்டன. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் கையை உதறிவிட்டார். பிறகு அந்த விரலைக் கொண்டுபோய்க் காதுக்குள் விட்டுக் குடைந்தார்.

"எனக்கு அப்படித் தெரியலையே."

"நெசமாவா?"

"நான் சொல்றேன்ல? சுத்தமா இருக்கு. பேசாம கேளு."

பின்னால் இருந்தவன் விரலை இறக்கினான். நீவெஸ் உச்சத்தைத் தொட்டு நின்றாள். மேல்மாடி எழுந்து கூரை அதிரக் கத்தியது. பெரியப்பா கைதட்டவில்லை. முதுகுப்பக்கம் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை அவர் கிடங்குக்குப் போய்ச் சுத்தியலை மேஜைமேல் வைத்தார். "காது போயிடுச்சு. இனிமே என்னைய நம்பாதீங்க." பொய் சொன்ன காதை வைத்துக்கொண்டு சுத்தியலைத் தொட அவருக்கு மனசு வரவில்லை. ஃபெர்மோவுக்குக் கொண்டாட்டம். "அன்னைக்கே நெனச்சேன், செவிடன்கிட்ட போய்க் கேட்டேனே!" ஆனால் பத்திரிகைகள் புகழ்ந்து எழுதியாயிற்று, செவிடரின் தீர்ப்பை யார் திருப்புவது? அன்றிலிருந்து அவர் ஊருக்குச் செவிட்டு ஒரெஸ்தே. எனக்கு உண்மை தெரியும். வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நீவெஸ் வியன்னா, லிஸ்பன், பியூனஸ் அயர்ஸ் என்று எஜமானியாகவே பாடினாள். ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் காதருகே, "அப்பா! சூப் வேணுமா?" என்று தெருவே கேட்கக் கத்துவாள். அவர் "என்னது?" என்பார். காதுக்கு மாட்டும் கருவி வாங்கிவந்தாள், அது அலமாரியில் தூங்கியது. ஒன்பது வருஷம்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின மதியம். நானும் அவளும் சமையலறையில் இருந்தோம். அவள் சூப் கிண்ணத்தைத் துடைத்துப் பளிங்கு மேடைமேல் டொக்கென்று வைத்தாள். கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பெரியப்பா ஏதோ நினைப்பில், "அதுல ஊத்தாத, அடியில விரிசல்" என்றார்.

நீவெஸ் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். முடி அளவு கோடு. பிறகு போய் அவர் எதிரே உட்கார்ந்து, கத்தாமல், மெதுவாகக் கேட்டாள்.

"எவ்வளவுப்பா இறக்கினேன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அரைக்கட்டை. வயலின் ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சுது."

"விசிலடிச்சிருக்கலாமேப்பா."

"விரல் வாய் வரைக்கும் வந்துச்சு. உன் பேரச் சுரண்டணுமேன்னு நெனச்சேன். முடியல."

அடுத்த மாதம் எங்கள் நகரத்தில் அவளுக்கு நிகழ்ச்சி இருந்தது. மாட்டேன் என்ற பெரியப்பாவைக் கெஞ்சி மேல்மாடிக்கு இழுத்துப் போனேன். திரை விலகும் முன் நீவெஸ் தனியாக வந்து நின்று, மேல்மாடியைப் பார்த்துச் சொன்னாள்: "ஒம்பது வருஷத்துக்கு முன்னால இந்த மேடையில, உங்ககிட்டச் சொல்லாம அரைக்கட்டை இறக்கிப் பாடினேன். எங்கப்பாவுக்குக் காது நல்லாக் கேக்கும். அன்னைக்கும் கேட்டுச்சு."

ஃபெர்மோ வாயைப் பிளந்து பெரியப்பாவைப் பார்த்தார்.

முதல் விசில் என் பக்கத்து இருக்கையிலிருந்து வந்தது. பெரியப்பா கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, இரண்டு விரலையும் வாயில் வைத்து, மூச்சு இருக்கும்வரை அடித்தார். கீழே நீவெஸ் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள். அப்புறம் எதையும் இறக்காமல் முழுக்கட்டையில் பாடினாள்.

திங்கட்கிழமை பெரியப்பா கிடங்குக்குப் போய்ச் சுத்தியலைத் திருப்பிக் கேட்டார்.