புற்றுக்குக் கீழே தண்ணீர்

நெடுந்தீவில் கிணறு வெட்டும் கூலிக்குப் போனபோது, இடம் குறிப்பவரைச் சந்தித்தேன். மெலிந்த மனிதர், காதில் எப்போதும் ஒரு பீடி இருக்கும். கறையான் புற்றுக்குக் கீழேதான் நல்ல தண்ணீர் இருக்கும் என்பார்.

"அண்ணை, புற்றில்லாத இடத்திலை வெட்டிப் பாத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"நல்ல தண்ணி இல்லாத இடத்திலை ஏன் காணும் வெட்டவேணும்?"

ஒரு வீட்டு வளவில் புற்றடியில் வெட்டினோம். உப்புத் தண்ணீர் வந்தது. தினமும் ஒரு மைல் தூரம் நடந்து குடிதண்ணீர் சுமக்கும் வீட்டுக்காரி கண்ணைத் துடைத்தாள். அவர் ஒரு வாய் குடித்துத் துப்பினார்.

"அப்ப இது கறையான் புற்றில்லை."

வளவிலிருந்த அடுத்த புற்றைக் காட்டினார். அங்கும் வெட்டினேன். தண்ணீர் இனித்தது. வீட்டுக்காரி முதல் செம்பை அவரிடம் கொடுத்தாள்.

அவர் பேச்சில் பிழை எங்கே என்று எனக்குத் தெரியும். அன்று சொல்லவில்லை. இரண்டாவது செம்பு எனக்கு வந்தது, குடித்துக்கொண்டிருந்தேன்.