செல்லியம்மாள் பாய்லர் மூட்டாத மார்கழி

தேவிகாபுரத்தில் பிறந்து பத்தொன்பது வயதில் ஆரணி கொசப்பாளையத்துக்கு மருமகளாக வந்தவள் செல்லியம்மாள். பேச்சு குறைவு, கைவேலை சுத்தம். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீர்ந்ததும், அதன் நுனி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பட்டிழைகள். ஒன்று இடம் மாறினாலும் சேலையில் கோடு விழுந்துவிடும். அந்த வேலைக்குத் தெருவில் யார் வீட்டிலும் முதலில் கூப்பிடுவது செல்லியம்மாளைத்தான்.

அவள் புருஷன் ஜெயவேல் வீட்டிலேயே சொந்தத் தறி போட்டிருந்தான். நல்ல மனுஷன். குடியில்லை, சீட்டில்லை. அவனுக்கு இருந்த ஒரே பித்து வெந்நீர். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தாலும் ஆவி பறக்கிற தண்ணீரில் குளித்தால்தான் தறியில் உட்காருவான். "தறி மிதிச்ச காலுக்கு வெந்நீர்தான் மருந்து" என்பான்.

அந்த மருந்தைக் காய்ச்சுவது செல்லியம்மாள். கொல்லையில் ஒரு செம்பு பாய்லர் இருந்தது. விடிவதற்கு முன்னால் எழுந்து சவுக்குக் கட்டையைப் பிளந்து, கொட்டாங்குச்சி போட்டு, ஊதி ஊதி மூட்டுவாள். ஜெயவேல் குளிப்பான். பிறகு பாலிடெக்னிக் போகும் மகள் பானுப்ரியா குளிப்பாள். கடைசியில் அடியில் கிடக்கிற வெதுவெதுப்பு செல்லியம்மாளுக்கு. அதையும் பாதி நாள் ஆறவிட்டுத்தான் குளிப்பாள், வேலை ஒழிந்தால்தானே?

இரண்டாயிரத்து நாலு மார்கழியில் அதே தெருவில் பச்சையப்பன் வீட்டுத் தறிக்குப் பாவு பிணைக்கப் போனாள். கல்யாண ஆர்டர், சந்தன நிறப் பாவு. உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே விரல் இடறியது. விறகு பிளந்து சொரசொரத்துப் போன விரல் நுனியில் பட்டு ஒட்டிக்கொண்டு பிசிர் கிளம்பியது. முறுக்கிய இடத்தில் மெல்லிசாகச் சாம்பல் நிறம் வேறு. சீயக்காய் போட்டு இரண்டு தடவை தேய்த்துத்தான் வந்திருந்தாள். விரல் வெடிப்பில் புகுந்த கரி போனால்தானே!

பச்சையப்பன் எட்டிப் பார்த்தார். "இன்னா செல்லிம்மா, கையில கரி? கல்யாணப் பொடவைம்மா இது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் செல்லியம்மாளின் வேலையில் அதுவரை யாரும் குறை சொன்னதில்லை. கரி பட்ட இழைகளைக் கிள்ளி எறிந்து, நல்ல இழை சேர்த்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, முகம் எரிய வீட்டுக்கு வந்தாள்.

வந்ததும் ஜெயவேலிடம் சொன்னாள். "நாளையிலருந்து நான் பாய்லர் மூட்ட மாட்டேன்."

"அப்ப வெந்நீரு?"

"யாருக்கு வேணுமோ அவங்க மூட்டிக்கட்டும்."

ஜெயவேல் சிரித்தான். ஒரு நாள் கோபம், விடிந்தால் போய்விடும் என்று நினைத்தான். விடிந்தது. செல்லியம்மாள் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தாள், கொல்லைப் பக்கம் திரும்பவேயில்லை. ஜெயவேல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கினான். பச்சை விறகையும் காய்ந்த விறகையும் சேர்த்துத் திணித்து, மேலே மண்ணெண்ணெயை ஊற்றினான். தீ வரவில்லை, புகைதான் வந்தது. பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "இன்னாண்ணா, கொசுவுக்கா?" என்று கேட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டே, "ஆமாம்மா, பெரிய கொசுவா கீது" என்றான் ஜெயவேல்.

பானுப்ரியா பச்சைத் தண்ணீரில் குளித்துத் தும்மிக்கொண்டே பஸ் ஏறினாள். ஆனாலும் அவள் அம்மா கட்சிதான்.

ஜெயவேலும் விடவில்லை. தினமும் பாய்லரோடு மல்லுக்கட்டினான். ஒரு நாள் லுங்கியில் பொத்தல் விழுந்தது. அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, புகையோடு போராடி நேரமாகிவிட்டதால் கையை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு தறியில் உட்கார்ந்தான். மாம்பழ மஞ்சள் சேலை. ஒரு சாண் நெய்துவிட்டுக் குனிந்து பார்த்தான். சேலையின் நடு உடலில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை.

"செல்லி! செல்லி! ஜல்தி வா!"

ஓடி வந்து பார்த்தாள். சிரிக்க நல்ல சமயம்தான். அவள் சிரிக்கவில்லை. மைதா மாவை எடுத்து வந்து, ஒற்றி ஒற்றித் தட்டினாள். முக்கால்வாசிக் கறை மாவோடு வந்துவிட்டது. அவள் குனிந்து தட்டிக்கொண்டிருக்க, ஜெயவேல் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனுக்குத் தெனம் இப்டித்தான் ஆவுதா?"

"இன்னிக்கா புதுசா ஆவுது?"

சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு, "உன் கூடப் படிக்கிற பொண்ணு வூட்ல ஏதோ கேஸ்ல வெந்நீர் வருதுன்னியே, அது இன்னா சமாச்சாரம்?" என்று விசாரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் வேலூருக்குப் போனார்கள். கடைக்காரர் காட்டியது சுவரில் மாட்டுகிற வெள்ளைப் பெட்டி. தலையணை அகலம்கூட இல்லை. ஜெயவேல் அதைத் தட்டிப் பார்த்தான், பக்கவாட்டில் குனிந்து பார்த்தான்.

"இதுல தண்ணி எங்கங்க நிக்கும்?"

"நிக்கவே நிக்காதுங்க. ஓடறப்பவே காஞ்சிரும்."

"ஓடற தண்ணி எப்டிங்க காயும்?" என்று அவன் ஆரம்பிப்பதற்குள், "கட்டிக் குடுங்க" என்றாள் செல்லியம்மாள்.

மாட்டிக் கொடுக்க பிளம்பர் இன்னாசிமுத்து வந்தார். குளியலறைக்குள் மாட்டச் சொன்னான் ஜெயவேல். இன்னாசிமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. "கேஸ் எரியறது உள்ள வேணாம்பா. கதவ சாத்திகினு குளிச்சா மூச்சு முட்டிப்பூடும். வெளிச் சொவுத்துல மாட்டி உள்ளாற பைப்பு வுடறேன்."

"வெளிய மாட்டுனா எவனாவது கழட்டிகினு பூடுவான்."

"பெட்டி போனா வேற வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு இன்னாசிமுத்து வெளிச் சுவரில் துளை போட்டார். அடுப்படி சிலிண்டரிலிருந்து அதற்கு ஒரு குழாய் இழுத்து, மேலே மழைக்கு ஒரு தகரமும் அடித்தார்.

குழாயைத் திறந்தார்கள். பெட்டிக்குள் டப் டப்பென்று பொறி தட்டும் சத்தம் கேட்டது. தீ பிடிக்கவில்லை. தண்ணீர் பனிக்கட்டி மாதிரி ஜில்லென்று வந்தது. மறுபடி திறந்தார்கள், மறுபடியும் டப் டப்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றான் ஜெயவேல். பெட்டி தோற்றதில் அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

இன்னாசிமுத்து மேலே பார்த்தார். தண்ணீர் டேங்க் குளியலறைக் கூரை மேலேயே குந்திக்கொண்டிருந்தது. "தண்ணிக்கு வேகம் பத்தல. அது தள்ளுனாத்தான் உள்ள கேஸ் தொறக்கும். டேங்க்க வூட்டு மாடிக்கு ஏத்துங்க."

செல்லியம்மாள் நேராகத் தெருவுக்குப் போய்ப் பச்சையப்பனைக் கூப்பிட்டாள். அவர் தன் வீட்டு நெசவாளிகளோடு வந்தார். ஆதிலட்சுமியின் புருஷனும் வந்தான். காலி செய்த டேங்குக்குக் கயிறு கட்டி, மேலே நாலு பேர் இழுக்க, கீழே நாலு பேர் தாங்கினார்கள். பாதியில் டேங்க் சுழன்று ஜெயவேலைச் சுவரோடு அணைத்துக்கொள்ள, தெருவே சிரித்தது. இன்னாசிமுத்து மாடியில் செங்கல் மேடை கட்டி, அதன் மேல் அதை உட்கார வைத்துக் குழாயை இணைத்தார்.

மறுநாள் காலை. குழாயைத் திறந்ததும் பெட்டிக்குள் குப்பென்று நீலமாகத் தீ பிடித்தது. ஜெயவேல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நுழையப் போனான்.

"நில்லுங்க" என்றாள் செல்லியம்மாள். "இன்னிக்கு நான் முதல்ல."

கதவைச் சாத்திக்கொண்டாள். தலையில் ஊற்றிய முதல் சொம்பு சூடாக இருந்தது. ஐந்தாவதும் சூடு, பத்தாவதும் சூடு. அடியில் எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, பின்னால் யாருக்கு வேண்டும் என்று யோசிக்க வேண்டியதில்லை. நிதானமாகத் தலைக்குத் தேய்த்தாள். வெளியே ஜெயவேல், "ஆச்சா?" என்றான். "இல்ல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இன்னுமா ஆவல?" என்றான். "ஆவல" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

ஜெயவேலும் சீக்கிரமே பெட்டியோடு சமாதானமாகிவிட்டான். வெந்நீர் தீரவே தீராது என்று தெரிந்ததும் குளியல் நீண்டுகொண்டே போனது. பொங்கல் கழித்து ஒரு நாள் உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு நிற்கையில் சிலிண்டர் காலியானது. "செல்லி! பேஜாராப் போச்சு!" என்ற அலறல் ஆதிலட்சுமி வீடு வரை கேட்டது. "பச்சத் தண்ணிய ஊத்திகினு வாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கே ரெண்டாவது சிலிண்டருக்கு எழுதிப் போட்டார்கள்.

வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களிடம் ஜெயவேல் பெட்டியைக் காட்டி, "பொம்பளைங்க பொகையில கஷ்டப்படக் கூடாதுன்னு நாந்தான் வேலூர் போயி வாங்கியாந்தேன்" என்பான். செல்லியம்மாள் அதை மறுத்துப் பேசியதில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, ஈரக் கூந்தலை உதறி முடிந்துகொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.