பல் தேய்த்தவர்களைக் கேட்ட ரெஜினா

மீன் கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ரெஜினாவின் தம்பி டேனியல். "அக்கா விடியக்காலையில போயிட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு வராதீங்க, ஜாம்ல மாட்டிக்குவீங்க. நேரா பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கே வந்துடுங்க." கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பும்வரை எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நாங்கள் சேர்ந்து பாதி எழுதிய ஆய்வு அறிக்கையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாளே என்று. 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் நாங்கள் ஒரே வயதுக்காரர்கள். அவளை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்குள்ள நம் தமிழர்கள் ஏன் விட்டுப்போகிறார்கள் என்று பார்க்கத்தான் நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போய் உட்கார்ந்தோம். தொடக்கத்தில் "இந்த வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர்?" என்று புத்தகத் தமிழில் கேட்டோம். "நாலு பேர்" என்பார்கள். சற்று நேரத்தில் ஐந்தாவது ஆள் தோளில் துண்டோடு குளியலறையிலிருந்து வருவார். "அவரா? சும்மா தங்கியிருக்காரு." தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, சாப்பாட்டுக் கடை மாடியில் பல வருடமாகப் படுத்தெழும் ஓர் அண்ணன், "நான் இங்க இல்லீங்க, வேலைக்கு வந்திருக்கேன்" என்றே சொன்னார். நம் பேச்சில் இருப்பது வேறு, தங்குவது வேறு. அந்த இடுக்கில்தான் ஆட்கள் காணாமல் போனார்கள்.

ரெஜினா கேள்வியை மாற்றினாள். "இன்னைக்குக் காலையில இந்த வீட்டுல யார் யாரு பல் தேய்ச்சீங்க?" எல்லோரும் சிரித்துவிடுவார்கள். சிரித்துக்கொண்டே மச்சான், அறையை வாடகைக்கு எடுத்தவர், ஊரிலிருந்து வந்த சித்தப்பா என்று வரிசையாகப் பெயர் வரும். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒருவர், "நான் இன்னும் தேய்க்கலயே, என்னைச் சேர்க்க மாட்டீங்களா?" என்று கேட்டார். ரெஜினா முகம் மாறாமல், "தேய்ச்சிட்டு வாங்க அங்கிள், காத்திருக்கேன்" என்றாள். அவர் நிஜமாகவே எழுந்து போனார்.

கிள்ளான் பக்கம் மேருவில்தான் கலாவைப் பார்த்தோம். பெயரை மாற்றியிருக்கிறேன், மாற்றாவிட்டால் ரெஜினா என்னைச் சும்மா விடமாட்டாள். டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், பிறப்புப் பதிவு இல்லை, அதனால் ஐசி என்கிற அடையாள அட்டையும் இல்லை. அண்ணன் வீட்டில் இருந்தாள். பல் தேய்த்தவர்களைச் சொல்லிக்கொண்டே வந்த அண்ணி, அவள் முறை வந்ததும் அவசரமாக, "அவ வந்து போறவ" என்றார். கலாவும் தலையாட்டினாள். பெயரை எழுதினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் இருவர் முகத்திலும் தெரிந்தது.

ரெஜினா பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். "உன் பேரு எங்கயும் வராது. இதனால ஐசி கிடைக்கும்னும் சொல்ல மாட்டேன், அது பொய்யாயிடும். ஆனா நீ இங்க இல்லன்னு எழுத எனக்கு மனசு வரல லா."

கலா அண்ணியை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "இந்த வீட்டுல நான்தான்கா முதல்ல எழுந்து பல் தேய்ப்பேன்" என்றாள். வெளியே காரில் ஏறியதும் ரெஜினா அழுதுவிட்டாள். அதன்பின் பதிவு அலுவலகத்துக்கு கலாவோடு அலையாய் அலைந்தாள். விண்ணப்பம் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் ஜெபம் முடிந்து கூட்டம் கலையும்போது, வாசலில் கலா நிற்பதைக் கண்டேன். ஐசி இல்லாதவள் பேருந்து ஏறிக் கோலாலம்பூர்வரை வருவது சின்ன விஷயமல்ல. வழியில் யாராவது நிறுத்தி ஐசி கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவளை அறியாத டேனியல் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்க எங்கேருந்துமா?" என்று கேட்டான். அறையில் முன்பின் தெரியாத முகங்கள். நான் அவளுக்காக ஏதோ சொல்லிச் சமாளிக்க எழுந்தேன்.

அதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "மேருல இருக்கேன்."

ரெஜினா விட்டுப்போனதில் எனக்கு மிஞ்சியது பாதி அறிக்கையும் பல் தேய்த்த அந்த ஒரு கேள்வியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். 'இருக்கேன்' என்ற அந்தச் சொல்லையும் நான் வைத்துக்கொள்கிறேன்.