முதல் வரி மஞ்சள்

ஒரு பல்லைச் சரிசெய்யவே எட்டுத் தடவை வரச் சொல்கிற இந்தத் திருநெல்வேலியில், சாக முடிவெடுத்த ஒருவரோடு ஆறே தடவை பேசி வீட்டுக்கு அனுப்ப வேண்டிய வேலை என்னுடையது.

உயிரை விட முயன்று, ஆஸ்பத்திரியில் பிழைத்தவர்கள் வார்டிலிருந்து நேராக மனநல ஆலோசகரான என்னிடம் வருவார்கள். வாரம் ஒரு தடவை, மொத்தம் ஆறு. மனிதர்களோடு பேசுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் நீங்களும் இந்தப் பாடு பட்டிருப்பீர்கள். பேச வேண்டியவர் வாயே திறக்க மாட்டார், கூட வந்தவர் மூடவே மாட்டார். முத்தையா அண்ணாச்சி வந்ததும் அப்படித்தான். (பெயரை மாற்றியிருக்கிறேன்.)

வயிற்றுவலி

அண்ணாச்சி ஸ்ரீவைகுண்டத்துக்காரர், தவசிப்பிள்ளை. கல்யாண வீடுகளில் ஆயிரம் இலைக்குச் சமைத்த கை. கூடவே வந்து காய் நறுக்கி, உப்புப் பார்த்துச் சொல்லும் மனைவி போன வருஷம் இறந்துபோனார். அதோடு அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அழைத்து வந்த மச்சான், "இவருக்கு வெறும் வயித்துவலிதான் மேடம்" என்று மூன்று தடவை சொன்னார். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, அண்ணாச்சியிடம் நேராகக் கேட்டேன்: "இப்பவும் சாகணும்னு தோணுதா?"

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியெல்லாம் வராது. அண்ணாச்சி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "தோணத்தான் செய்யுது" என்றார். அரை மணி நேரம் அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பும்போது, வார்டில் தந்த சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அதைக் கேட்டுத்தான் எனக்குத் தைரியமே வந்தது.

"மொதல்ல அந்தச் சாம்பாரு வச்சவனக் கூட்டியாந்து இங்கன உக்கார வச்சு நாலு கேள்வி கேளுங்க தாயி."

நான் அடித்த வரி

இரண்டாம் தடவை ஒரு சீட்டு எழுதுவோம். மனசு கெட்டுப்போகும் நேரத்தை எப்படிக் கண்டுகொள்வது, உடனே எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது என்று வந்தவர் தன் கையாலேயே வரிசையாக எழுத வேண்டும். அது எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அண்ணாச்சி பேனாவை வாங்கினார், பிள்ளையார் சுழி போட்டார், முதல் வரியில் 'மஞ்சள்' என்று எழுதினார். மங்கலமாக மஞ்சளில் தொடங்கும் கல்யாணச் சாமான் சீட்டு எழுதியே பழகிய கை. "இது அந்தச் சீட்டு இல்ல அண்ணாச்சி" என்று சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்தேன். படித்த திமிர், வேறென்ன? மறுவாரம் வெறுங்கையோடு வந்தார். சீட்டு எங்கே என்றேன்.

"மஞ்சள அடிச்ச சீட்ட எந்த வீட்டுக்காரன் தாயி கையில வாங்குவான்?"

சாக்கு மூட்டை

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புதுத் தாள் கொடுத்தேன். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. முதல் வரி, மஞ்சள். இரண்டாவது, 'விடியக்காலம், அடுப்பப் பாக்கப் பிடிக்காத நேரம்'. மூன்றாவது, 'செல்லத்துரை கடைச் சாக்கு'. நாலாவது வரியில் என் ஆஸ்பத்திரி நம்பர். பின்பக்கம், 'வீட்டுல இருக்கக் கூடாத சாமான், மச்சான் எடுத்துட்டுப் போயாச்சு'. இவ்வளவு சுத்தமான சீட்டை நான் படித்த படிப்பிலும் பார்த்ததில்லை.

செல்லத்துரை அவருக்கு இருபது வருஷமாகச் சாமான் போடும் பலசரக்குக் கடைக்காரர். அண்ணாச்சியின் சம்மதத்தோடு அவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். எந்த நேரத்திலும் இவர் கடைக்கு வந்து அந்தச் சாக்கு மூட்டையில் உட்காரலாமா என்று கேட்டேன்.

"சாக்குலதான் உக்காரணுமா? எந்தலையிலயே ஏறி உக்காரச் சொல்லுங்கம்மா!"

ஆறாவது தடவை

கடைசி நாள். பத்து மணிக்கு வர வேண்டியவர் பதினொன்றாகியும் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. எங்கே தவறவிட்டேன், எதைக் கேட்காமல் விட்டேன் என்று ஐந்து வாரக் குறிப்பையும் புரட்டினேன். ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. செல்லத்துரை கடைக்குப் போன் போட்டேன்.

"இங்கனதாம்மா இருக்காரு. விடியவே வந்துட்டாரு. பேச்சே இல்ல. நானும் ஒண்ணும் கேக்கல, டீ வாங்கிக் குடுத்தேன். இப்பத்தான், எம் மல்லியில தூசி கெடக்குன்னு சண்டைக்கு வாராரு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. போனை அண்ணாச்சி வாங்கினார். விடியற்காலையில் மனசு ரொம்ப மோசமாக இருந்ததாகவும், சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு நடந்ததாகவும் சொன்னார். என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

"நீங்க நாலாவது வரில்லா தாயி? எனக்கு மூணாவது வரியிலயே சரியாயிட்டு."

இத்தனை வருஷ வேலையில் நான் வாங்கிய பெரிய பட்டம், நீ தேவைப்படவில்லை என்று ஒரு மனிதர் உயிரோடிருந்து சொன்ன அந்த வார்த்தைதான் என்பதால், இப்போது நான் எழுதச் சொல்லும் சீட்டுகளில் யார் எந்தச் சாமானில் தொடங்கினாலும் என் பேனாவை மூடி வைத்துக்கொள்கிறேன்.