காஜா பாய் மடியில் கிடைத்த அப்பா

காஜா பாய் இறந்துவிட்டார். மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். காலையில் போன் வந்ததும் கிளம்பிப் போய், முகம் பார்த்துவிட்டு இப்போதுதான் மதுரை திரும்பினேன்.

என் ஓவியங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்... அப்பா மடியில் ஒரு சின்னப் பிள்ளை. எத்தனை தடவை வரைந்திருப்பேன்!

அப்பாவைப் பற்றி எனக்கு இருந்த ஒரே ஞாபகம் அது. என் வயிற்றை அணைத்துப் பிடித்த கை, சட்டையில் ஒரு புளித்த வாடை. வீட்டில் அந்த போட்டோவும் உண்டு.

போன வருடம் என் ஓவிய எக்ஸிபிஷனுக்குக் கூப்பிடப் போனபோது பாயிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். மனுஷன் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, அது நாந்தேன். அப்ப உங்கப்பா உசுரோட இல்ல, மவுத்தாயிட்டாரு. நீ கேமராவப் பாத்து ஒரே அழுகை. நாந்தேன் தூக்கி மடியில வச்சேன், என் தம்பி எடுத்தான். பொறவு உங்கம்மா கேட்டாகன்னு படத்துல என் தலைய வெட்டிட்டு, கல்யாண போட்டோவுல இருந்து உங்கப்பா தலைய ஒட்டினேன். அந்த வாடை, பிலிம் கழுவுற மருந்து வாடைம்மா."

அன்றைக்கு வந்த கோபம் இருக்கிறதே... இருந்த ஒரு அப்பாவும் போய்விட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரே சண்டை.

"சொல்லியிருந்தா உனக்கு அப்பாவே இல்லாமப் போயிருக்கும்டி" என்றாள்.

கொஞ்ச நாள் பிரஷ்ஷையே தொடவில்லை. எக்ஸிபிஷனுக்குப் பாய் வந்தார். படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"கை என் கைதான். ஆனா புடிச்சிருக்கது உங்கப்பாதேன்" என்றார். அழுதுவிட்டேன். மறுநாள் திரும்ப வரைய உட்கார்ந்தேன்.

இன்றைக்கு அவர் மகள் ஷமீமா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் போட்டோ எடுத்தாரு. அத்தா மடியில நான் இருக்க மாதிரி எங்க வீட்ல ஒண்ணுகூட இல்லக்கா. வரைஞ்சு தர்றீங்களா?"

"அப்படி உக்காந்தது ஞாபகம் இருக்கா ஷமீமா?"

"இல்லக்கா. வரைங்க, வந்துரும்."

கேன்வாஸை மாட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

போயிட்டு வாங்க பாய். இந்தப் படத்துல உங்க தலைய வெட்ட மாட்டேன்.