விராலிமலை தாண்டி நின்ற புதுப் பெட்ரோல் பிக்கப்

கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. துபாயிலிருந்து திரும்பிய தம்பி செந்தில், வல்லத்திராக்கோட்டை வயலுக்கும் வீட்டுக்குமாக ஒரு பெட்ரோல் பிக்கப் வாங்கியிருந்தான். "வாக்கா, புது வண்டியில ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றான். போன சனிக்கிழமை காலை ஆறரைக்குத் திருச்சியில் என் வீட்டிலிருந்து கிளம்பினோம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரம் போதும்.

எங்கே போதும்? வழியில் பெட்ரோல் போடச் சொன்னேன். "தீரப் போனா வண்டியே காட்டும்க்கா" என்று காதில் வாங்காமல் ஓட்டினான். விராலிமலையைத் தாண்டியதும் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது. கேனில் ஐந்து லிட்டர் வாங்கி ஊற்றியும் ஸ்டார்ட் பிடிக்கவில்லை. பக்கத்துப் பட்டறையிலிருந்து சின்னப்பன் வந்தார். காலமெல்லாம் டீசல் வண்டி பார்த்த மெக்கானிக்.

"ஏர் பிடிச்சிருக்கும். டீசல்தானுங்களே?"

"பெட்ரோல்ண்ணே. ஆனா டீசல் மாதிரியே நேரா சிலிண்டருக்குள்ள அடிக்கும். எந்த மெக்கானிக்கும் பார்ப்பாருன்னு ஷோரூம்ல சொன்னாங்க."

ஷோரூம்காரர்களின் இந்த ஒரு பொய்யை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. டீசல் வண்டியில் காற்றுப் பிடித்தால், இன்ஜெக்டருக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுக் காற்றை வெளியேற்றுவார்கள். சின்னப்பனும் அப்படியே நட்டைத் தளர்த்திவிட்டு, "செல்ஃப் அடிங்க தம்பி" என்றார். செந்தில் அடித்தான். பெட்ரோல் சீறி அவர் முகத்தில் பாய்ந்தது. "ஆத்தாடி, கண்ணு!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். சூடான இன்ஜின் மீதும் தெறித்தது. தீப்பிடிக்காதது யார் செய்த புண்ணியமோ!

பானட்டுக்குள், இந்தப் பைப்பைக் கழற்றாதே என்று எச்சரிக்கை இருக்கத்தான் செய்கிறது. ஓரத்தில், கட்டைவிரல் அகலத்தில், ஆங்கிலத்தில். பழைய பெட்ரோல் வண்டியைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் எரிபொருள் ஓடும் பைப் அது. நம் ஊரில் விற்கத் தெரிகிறது, தமிழில் நாலு வார்த்தை எழுத மட்டும் கை வலிக்கிறதா? ஷோரூமில் மைலேஜ் பெருமையை மட்டும் மூச்சு விடாமல் பேசினார்களாம்.

வழியெல்லாம் கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆட்டோவில் விராலிமலை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கருவிழியில் காயம், ஆனால் பார்வை போகாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

கோயிலை நாங்கள் பார்க்கவில்லை. போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். இந்த மாதிரி வண்டியில் போனால் டேங்கைக் காலியாக விடாதீர்கள். காலியாகிவிட்டால், பெட்ரோல் ஊற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியைச் சில தடவை போட்டுப் போட்டு அணையுங்கள். டேங்கிலுள்ள பம்பே பெட்ரோலை மேலே தள்ளிவிடும். அப்படியும் பிடிக்காவிட்டால் கட்டி இழுத்துப் போங்கள். யாரையும் அந்த நட்டில் கை வைக்க விடாதீர்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே செந்தில் வண்டிக் கம்பெனிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான். ஸ்பீக்கரில் பதில் வந்தது: "வெளி மெக்கானிக் நட்டைத் தொட்டாரா சார்? தொட்டிருந்தா வாரண்டி கிடையாது."

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாவிகள்!

கண்ணில் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப்பன், தம்பியின் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: "நான் தொடலன்னு சொல்லிருங்க தம்பி. ஒங்களுக்கு எதுக்கு நட்டம்."

செந்தில் போனை வாய்க்கு அருகே கொண்டுபோனான். "தொட்டாருங்க. ஒங்க ஆளு பேச்சை நம்பி நாந்தான் தொடச் சொன்னேன். வாரண்டி கெடக்கட்டும். அவரு கண்ணு எப்படி இருக்குன்னு மொதல்ல கேளுங்க."